திருப்பிப் போட்ட மீன்

அத்தியாயம் 11

தட்டில் மீன் இல்லை. முள் மட்டும்தான் இருந்தது. அந்த முள்ளை இன்ஸ்பெக்டர் யிம் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் முறைச்சீங்கன்னா, அதுவே எழுந்து உட்கார்ந்து வாக்குமூலம் குடுத்துடும் சார்” என்றான் பாவ்.

பாவ் அவருடைய உதவியாளன். உடம்பு பெருத்தவன், வாய் அதைவிடப் பெருத்தது. யிம் தட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். ஐம்பது வயதில் அவருக்கு மிச்சமிருந்தவை ஒரு கெட்டுப்போன முழங்காலும் ஒரு வழக்கும்தான். அந்த வழக்கு இன்று மதியம் இரண்டரை மணிக்கு உயிரோடு இருக்குமா என்பது இந்த வீட்டில் காணாமல் போனவனைப் பொறுத்திருந்தது.

மணி காலை ஏழே முக்கால். வான்சாயில் வாத்து வாட்டும் கடைக்கு மேலே ஐந்தாவது மாடி. காவல்துறை ரகசியமாக வாடகைக்கு எடுத்திருந்த வீடு. இங்கே ஏழு வாரமாக வைத்துக் காக்கப்பட்டவன் ஷெக் ஹோய். ரகசியக் கும்பலின் தலைவர் சிட் அண்ணனின் சண்டைப் பயிற்சிக் கூடத்தில், சிங்க நடனத்துக்கு முரசு அடித்தவன். கூடத்தின் பின்சந்தில் சிட் அண்ணன் சார்ஜென்ட் மோக்கின் தொண்டையில் ஒரே ஒரு அடி அடித்ததையும், மோக் அங்கேயே உட்கார்ந்து செத்ததையும் பார்த்த கடைசி ஆள்.

கடைசி ஆள் என்றால், அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பதினோராம் மாடியில் மூங்கில் கழியில் துணி காயப்போடும்போது தவறி விழுந்துவிட்டார். “அந்த ஆளு வாழ்க்கையில ஒரு கைக்குட்டைகூடத் துவைச்சதில்ல சார்” என்று பாவ் அப்போதே சொன்னான். இன்னொருவருக்கு ஞாபகம் போய்விட்டது. நீதிபதி பொறுமையிழந்து சொல்லிவிட்டார்: செவ்வாய்க்கிழமை இரண்டரைக்குச் சாட்சி கூண்டில் ஏறவில்லை என்றால், சிட் வீட்டுக்குப் போகலாம்.

மோக்கும் யிம்மும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“மறுபடி சொல்லுங்க லியூ” என்றார் யிம்.

காவலுக்கு இருந்தவர்கள் இரண்டு பேர். லியூவுக்கு ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. மற்றவன் சுங், இளைஞன், இன்னும் சட்டைக் கஞ்சி கலையாதவன். லியூ ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கோப்பையைப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரல்களும் விறைத்து விரிந்திருந்தன. யிம்மின் பார்வையைக் கண்டு, “வாதம் சார். பனிக்காலம் வந்தா மடங்க மாட்டேங்குது” என்றார்.

“கதையைச் சொல்லுங்க.”

“நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு வந்துச்சு. அவிச்ச கலவா மீனு, கீரை, சோறு. அவனே ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போய்ச் சாப்பிட்டான். பத்து மணிக்குப் படுத்தான். காலைல ஆறு மணிக்குப் பார்த்தா குளியலறை ஜன்னல் திறந்து கெடக்கு. வெளியே பூச்சு வேலைக்காக மூங்கில் சாரம் கட்டியிருக்காங்கல்ல, அதுல இறங்கிப் போயிருக்கான்.”

“அவனே சாப்பிட்டானா?”

“என் கண்ணால பார்த்தேன் சார்.”

யிம் பாவ் பக்கம் திரும்பினார். “அவிச்ச மீனைப் பரிமாறும்போது இஞ்சியும் வெங்காயத்தாளும் எங்கே இருக்கும்?”

“மீனுக்கு மேல. இது என்ன சார், சமையல் பரீட்சையா?”

“இங்கே எங்கே இருக்கு?”

பாவ் குனிந்தான். நடுமுள் தலையோடு வாலோடு முழுசாகத் தட்டில் கிடந்தது. நறுக்கிய இஞ்சி அத்தனையும் அதன் அடியில் நசுங்கியிருந்தது.

“அடியில.”

“மேல் பக்கத்தைத் தின்னுட்டு, மீனைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைத் தின்னிருக்கான்.”

“நானும் அப்படித்தான் தின்பேன். அதுக்காக என்னைக் கைது பண்ணிடாதீங்க.”

“நீ தரைக்காரன். ஷெக் அபர்தீன் துறைமுகத்துல படகுல பொறந்தவன். படகுல பொறந்தவன் பட்டினியில செத்தாலும் மீனைத் திருப்ப மாட்டான். மீனைத் திருப்பினா படகு கவிழும்னு தாய்ப்பாலோட குடிச்சிருப்பான். நடுமுள்ளை எடுத்து ஓரமா வச்சுட்டுத்தான் அடிப்பக்கத்தைத் தொடுவான்.” யிம் தட்டை லியூவின் பக்கமாக நகர்த்தினார். “மனுஷன் பொய் சொல்லலாம் லியூ. இஞ்சி பொய் சொல்லாது. இந்த மீனைத் தின்னது யாரு?”

கீழே கடைக்காரன் வாத்தை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான்தான் சார்” என்றான் சுங். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

லியூ நாற்காலியில் உட்கார்ந்தார். ஷெக் தப்பியது நேற்று மாலை ஐந்து மணிக்கே. மேலே சொல்லப் பயந்து, எப்போதும்போல் சாப்பாடு வரவழைத்து, இவர்களே தின்று, காலி தட்டைச் சாட்சிக்கு வைத்திருந்தார்கள். “மூணு மாசம் சார். மூணு மாசத்துல ஓய்வூதியம். என் பொண்டாட்டிக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு. உங்களுக்கே தெரியும்.”

யிம்முக்குத் தெரியும். அவர் எழுந்து ஷெக்கின் கட்டிலடியைப் பார்த்தார். நீதிமன்றத்துக்குப் போட்டு வருவதற்காகக் காவல்துறை வாங்கிக் கொடுத்த கருப்புக் காலணி அப்படியே இருந்தது.

“செருப்புகூடப் போடாம மூங்கில்ல இறங்கியிருக்கான்” என்றான் பாவ்.

“படகுக்காரன் கால். அதுக்குச் செருப்பு தேவையில்ல. சிட் ஆளுங்க தூக்கியிருந்தா ஜன்னல் வழியா ஏன் போகப்போறான்? அவனா போயிருக்கான். உயிரோட இருக்கான்.” அந்தச் சொல்லை யிம் பல மாதமாகச் சொன்னதில்லை. நாக்கில் அது புதிதாக இருந்தது. “பாவ், முந்தாநாள் முடிவெட்ட ஆள் அனுப்பினோமே, என்ன ஆச்சு?”

“திருப்பி அனுப்பிட்டான். வந்த நாள்லேருந்து முடியில கை வைக்க விடல. நீதிபதி இவனை முரசு அடிக்கிறவன்னு நெனைக்க மாட்டாரு, முரசுக்குள்ள குடியிருக்கிறவன்னுதான் நெனைப்பாரு.”

“நம்மகிட்ட வந்து எத்தனை நாள்?”

பாவ் விரல் விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. “நாப்பத்தொன்பது.”

“தாய் தகப்பன் செத்தா நாற்பத்தொன்பது நாள் தலையில கத்தி படக் கூடாது. சோம்பேறின்னு நெனச்சோம். துக்கத்துல இருந்திருக்கான். யாருமே இல்லைன்னு நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கான். இன்னைக்குக் கடைசிச் சடங்கு. அபர்தீன்ல, சாவுக்கு அடையாளமா வெள்ளை விளக்குக் கூண்டுல நீல எழுத்து போட்டுத் தொங்கவிட்ட படகு எதுவோ, அதுல இருப்பான்.”

கதவருகே யிம் நின்றார். இதை மேலே சொன்னால் லியூவின் வேலை போகும். சொல்லாவிட்டால் இது நாலு பேருக்குள் முடியும். “மதியம் வரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். சாட்சியோட நான் வந்துட்டா, இது நடக்கவே இல்ல.”

லியூ எழுந்து நின்று தலை குனிந்தார். கண்ணில் நீர் இருந்தது. யிம் அந்தக் கருப்புக் காலணியைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

*

ஒன்பதே காலுக்கு அபர்தீன் படித்துறையில், சாம்பான் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டும் சாம்பான்காரிகள் மொய்த்துக்கொண்டார்கள்.

“வா வா, சார், என் படகுல வா! அவ படகு ஒழுகும்!”

“ஒழுகறது உன் வாய்டி! சார், குண்டு சாரை ஏத்த என் படகுதான் தாங்கும்!”

“பாருங்க சார், என் எடை ஊருக்கே தெரிஞ்சிருக்கு” என்றான் பாவ். அன்னாசி ரொட்டியைக் கடித்தபடியே பேசியதால் துணுக்குகள் யிம்மின் கோட்டில் விழுந்தன.

கூச்சல் போடாமல் ஓரமாக நின்ற ஒரே படகில் ஏறினார்கள். அதை ஓட்டியவன் ஓர் ஆண், நாற்பது வயதிருக்கும். ஓலைத் தொப்பி, மெல்லிய குரல். பெஞ்சாதிக்குக் காய்ச்சல், அதனால் தான் வந்ததாகச் சொன்னான்.

“ஏன்ப்பா, கால்ல வெள்ளை ஷூ? சாவு வீட்டுக்கா?” என்றான் பாவ்.

“கால்ல ஆணி சார். வைத்தியர் போடச் சொன்னாரு.”

யிம் காதில் அது விழுந்தது. ஆனால் அவர் கண் கூரைகளின் மேல் இருந்தது. நூற்றுக்கணக்கான படகுகள். உலர்த்திய மீன், தொங்கும் உள்ளாடை, கட்டிப்போட்ட நாய்கள், தொலைக்காட்சிக் கம்பிகள். வெள்ளைக் கூண்டு எங்கும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றினார்கள்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? இவனைக் கண்டுபிடிச்சு, கூண்டுல ஏத்தி, சிட்டுக்குத் தண்டனை வாங்கிக் குடுத்துட்டா, அடுத்த நாள் அந்தக் கூடத்துல யாரு உட்காருவாங்க?”

“அவனோட தம்பிமார்ல எவனாவது ஒருத்தன்.”

“அப்புறம் எதுக்கு சார் இந்த வெயில்ல?”

“மோக்கோட அம்மா வாரா வாரம் நிலையத்துக்கு வந்து பெஞ்சுல உட்காருது. ஒண்ணும் கேக்காது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போகும். ஒரு தடவையாவது அதுகிட்ட பதில் சொல்லணும்.”

பாவ் ரொட்டிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்தரை மணிக்கு, ஐஸ் ஆலைக்குப் பின்னால், கடைசி வரிசையில் அது தெரிந்தது. வெள்ளைக் கூண்டில் நீல எழுத்தில், ஷெக் குடும்பம், வயது எழுபத்திரண்டு.

*

படகின் முன்தளத்தில் காகித வீடும் காகிதத் துணிகளும் எரிந்து முடிந்து சாம்பலாகிக் கிடந்தன. ஷெக் வெறுங்காலோடு குந்தியிருந்தான். அவனைவிடச் சின்னவளாக ஒருத்தி சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று முதுகில் மரக்கட்டை மிதவையோடும் இடுப்பில் கயிற்றோடும் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை கம்பத்தில் கட்டியிருந்தது.

ஷெக் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“நீங்க வந்துட்டீங்களா சார்? அப்ப அவங்களும் வந்துடுவாங்க. ஊசி போன வழியில நூல் வரும்.”

“யாருக்கும் தெரியாது ஷெக். நான் யார்கிட்டயும் சொல்லல.”

“பன்னெண்டு மணிக்கு நானே கிளம்பி வர்றதா இருந்தேன். சாட்சி சொல்ல மாட்டேன்னா ஓடினேன்? அம்மாவுக்குக் கடைசிக் காகிதம் எரிக்கணும், அவ்வளவுதான். அம்மா உயிரோட இருந்த வரைக்கும் வாயைத் திறக்கப் பயம். அது போன அன்னைக்கே உங்ககிட்ட வந்தேன்.” மனைவியைக் காட்டினான். “இவ என் பொண்டாட்டி, ஆ-கின். கோயில்ல கட்டிக்கிட்டது, சர்க்கார் காகிதத்துல பேரே இல்ல. சிட் அண்ணனுக்கு இப்படி ஒருத்தி இருக்கிறதே தெரியாது. உங்களுக்கும் தெரியாம இருந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே கூட்டிட்டு வந்திருப்பேனே.”

“உங்ககிட்ட எப்படிச் சொல்றது? எப்பவும் கூட ஆள் இருக்காங்களே.”

ஆ-கின் நடுவில் புகுந்தாள். “பேச்சு அப்புறம். இன்னைக்கு வந்தவங்க சாப்பிடாம இறங்கக் கூடாது. மாமியார் ஆத்மா பசியோட போயிடும். உட்காருங்க. சாம்பான் அண்ணே, நீங்களும் ஏறி வாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க?”

துக்கம் முடிக்கும் சாப்பாடு. ஏழு வாரத்துக்குப் பிறகு அந்தப் படகில் மீன் வைத்தார்கள். நடுவில் ஒரு பெரிய கலவா, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும். ஆறு கிண்ணம். சாம்பான்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தான். ஆ-கின் தேநீர் ஊற்றியபோது இரண்டு விரலால் பலகையைத் தட்டி மரியாதையாக நன்றி சொன்னான்.

“உண்மையைச் சொல்லு” என்றார் யிம். “நேத்தே உன்னை இங்க கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தா லியூவே வந்திருப்பாரு. அந்த மனுஷன் வேலையே போகப் பார்த்துச்சு, உன்னால.”

ஷெக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“அந்தப் பெரியவராலதான் சார் ஓடினேன்.”

“என்ன?”

“நேத்து நாலு மணிக்கு எனக்கு டீ குடுத்தாரு. ரெண்டு விரல்ல கோப்பை, மூணு விரல் விரிச்சு. எங்க கூடத்துல சேர்ற அன்னைக்கு முதல் பாடம் அதுதான் சார். அந்த மாதிரிக் கோப்பையை நீட்டினா, நான் உங்க ஆளுன்னு அர்த்தம். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்ல. வேணும்னு செய்யல. முப்பது வருஷப் பழக்கம்; மூளை மறந்தாலும் கை மறக்காது.”

யிம்மின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. வாதம் சார், பனிக்காலம் வந்தா மடங்க மாட்டேங்குது. அந்த விரல்களுக்கு எதிரில் உட்கார்ந்துதான் அவர் அபர்தீன் என்றார், நாற்பத்தொன்பது நாள் என்றார், வெள்ளைக் கூண்டு என்றார். கடைசியில் இரக்கப்பட்டு வெளியே வந்தார்.

“சாப்பிடுங்க சார், ஆறிடும்” என்றான் சாம்பான்காரன்.

அவன் சாப்பாட்டுக் குச்சிகளை மீனின் வயிற்றுக்கு அடியில் கொடுத்தான். அவசரமில்லாமல், ஒரு பக்கமும் சிதையாமல், மீனை மெல்லத் தூக்கினான். திருப்பிப் போட்டான்.

ஆ-கின் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது.

“அடடா, இஞ்சி அடியில போயிடுச்சே” என்றான் அவன், ஷெக்கைப் பார்த்தபடி. பிறகு யிம்மிடம் திரும்பினான். “இஞ்சி பொய் சொல்லாது. இல்லீங்களா சார்?”

அப்போதுதான் யிம் அந்தக் கையைப் பார்த்தார். துடுப்புப் பிடித்தவனுக்கு உள்ளங்கையில் காய்ப்பு இருக்கும். இவனுக்கு அது விரல் முட்டிகளில் இருந்தது. மரத்தையும் மணலையும் குத்திக் குத்தி வந்த காய்ப்பு. கீழே வெள்ளைக் காலணி. ஒரு மணி நேரம் அவர் முன்னால் படகு ஓட்டிய காலணி.

யிம் பாய்ந்தார். பாய்ந்தது இன்ஸ்பெக்டர் இல்லை. மோக்கோடு சேர்ந்து இருபது வருடம் பயிற்சி செய்த உடம்பு. முதல் அடி வாயில், இரண்டாவது விலாவில். இரண்டும் விழுந்தன. விழுந்தபோதே யிம்முக்குப் புரிந்தது, அவை விழ விடப்பட்டவை என்று. எதிரில் இருந்தவன் கையைத் தூக்கவே இல்லை. பாரம் எந்தக் காலில் இருக்க வேண்டுமோ அந்தக் காலில் இருந்தது, மூச்சு சீராக இருந்தது, கண் சிமிட்டவில்லை. அடிக்கத் தெரிந்தவன் அடி வாங்குகிறான். மூன்றாவதை யிம் நிறுத்தப் பார்த்தார். முழங்கால் மடங்கிக் கம்பத்தில் மோதினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிண்ணங்கள் உருண்டன.

தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

“குழந்தை!” என்று பாவ் அலறினான்.

மிதவை மரக்கட்டை பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அமிழ்ந்து எழுந்தது. எல்லோருக்கும் முன்னால் கயிற்றைப் பிடித்தவன் சாம்பான்காரன். ஒரே கையால் இழுத்துக் குழந்தையைத் தூக்கினான். நனைந்த தலையைத் தன் தோளில் சாய்த்து முதுகில் தட்டிக் கொடுத்தான். குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, அழத் தொடங்கியது. அவன் உடனே கொடுத்துவிடவில்லை. இடுப்பில் இருந்த முடிச்சை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

“நல்ல முடிச்சு. கயிறும் புதுசு” என்றான் ஷெக்கிடம். உதட்டில் ரத்தம் இருந்தது, குரல் மெல்லியதாகவே இருந்தது. “ஆனா கயிறுதானே. எப்பவும் பார்த்துக்கிட்டே இருக்க முடியுமா?”

குழந்தையைத் தாயிடம் நீட்டினான். தொப்பியை எடுத்துக்கொண்டு தன் படகில் இறங்கினான்.

“அவனைப் பிடி!” என்றார் யிம், எழ முடியாமல்.

பாவ் அசையவில்லை. “என்ன சொல்லிப் பிடிக்கிறது சார்? மீனைத் திருப்பினான்னா? குழந்தையைக் காப்பாத்தினான்னா? இங்க குற்றம் பண்ணது நாம மட்டும்தான். அவன் கையே ஓங்கல, நீங்கதான் அடிச்சீங்க.”

துடுப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

“கொல்ல வந்திருந்தா கொன்னிருப்பான்” என்றான் பாவ் மறுபடியும், தனக்கே சொல்வதுபோல. “ஏன் கொல்லல?”

யிம்முக்குத் தெரிந்திருந்தது. சாட்சி வராவிட்டால் சிட் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்; ஆனால் சாட்சி செத்துக் கிடந்தால் அந்தக் கொலையோடு வழக்கு மறுபடி முளைக்கும். விசாரணை இன்னும் நீளும். கூண்டில் ஏறித் தெரியாது என்று சொல்லும் சாட்சியால் வழக்கு முடிந்தே போகும். சிட் அண்ணனுக்கு ஷெக் உயிரோடு, நேரத்துக்கு, நீதிமன்றத்துக்கு வரவேண்டியிருந்தது. அவன் இருக்குமிடம் சிட்டுக்குத் தெரியாது. கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான்.

ஆ-கின் மீன் தட்டை எடுத்து, மீனோடு, இஞ்சியோடு, தட்டோடு கடலில் எறிந்தாள்.

*

படித்துறைத் தொலைபேசியிலிருந்து யிம் வான்சாய் வீட்டுக்கு அழைத்தார். சுங் எடுத்தான்.

“லியூ எங்க?”

“நீங்க போனதும் கஞ்சி வாங்கிட்டு வர்றேன்னு போனாரு சார். இன்னும் வரல. கஞ்சி ஆறிடுமேன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

யிம் தொலைபேசியை வைத்தார்.

*

இரண்டு இருபத்தெட்டுக்கு ஷெக் கூண்டில் ஏறினான். கருப்புக் காலணி போட்டிருந்தான். நடக்கும்போது அது டக் டக்கென்று கேட்டது. எதிர்க் கூண்டில் சிட் அண்ணன், மெலிந்த உடம்பும் மூக்குக் கண்ணாடியுமாக, விடைத்தாள் திருத்தும் கணக்கு வாத்தியார்போல உட்கார்ந்திருந்தார். சாட்சியை அவர் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் வரிசையில் வீங்கிய உதட்டோடு ஒருவன் ஓலைத் தொப்பியை மடியில் வைத்திருந்தான்.

“அன்றிரவு சந்தில் நீங்கள் கண்ட மனிதர் இங்கே இருக்கிறாரா?” என்றார் அரசு வழக்கறிஞர்.

ஷெக் யிம்மைப் பார்த்தான். யிம் பார்வையை விலக்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. தலையசைக்கும் உரிமையை அவர் அபர்தீனில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“தெரியாதுங்க.”

மொழிபெயர்ப்பாளருக்கு அந்த ஒரு சொல்லை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

“உங்கள் எழுத்து வாக்குமூலத்தில்...”

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. விரல் வைக்கச் சொன்னாங்க, வச்சேன்.”

மூன்று ஐந்துக்கு எல்லாம் முடிந்தது. சிட் அண்ணன் வெளியேறும்போது நின்று, யிம்முக்கு மரியாதையாகத் தலை தாழ்த்திவிட்டுப் போனார். யாரும் கை தட்டவில்லை. சத்தம் போடவும் இல்லை. சிட்டின் ஆட்கள் சண்டை போட்டு வென்றவர்களைப்போல நடக்கவில்லை. அலுவலகம் முடிந்து போகிறவர்களைப்போலத்தான் போனார்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஷெக் குனிந்து காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில் மோக்கின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

“விரல் வச்சு வாங்கினது சார். சர்க்கார் சொத்து.” ஷெக் காலணிகளை ஒன்றோடொன்று சேர்த்து யிம்மிடம் நீட்டினான். “பொழுது சாயறதுக்குள்ள நங்கூரம் எடுக்கணும். ஆ-கின் காத்துக்கிட்டு இருப்பா.”

“சார் ஒரு வார்த்தை சொன்னா உன்னை வேற இடத்துல, வேற பேர்ல...” என்று பாவ் ஆரம்பித்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நானும் ஒரு லூசு. லியூ அண்ணனையே காவலுக்குப் போடலாம்னு சொல்லப்போறேன்.”

“எங்க போகப்போற ஷெக்?” என்றார் யிம்.

வெறுங்காலோடு எழுந்து நின்றவன் அவரையே பார்த்தான். கோபம் இல்லை. தப்பு செய்த மகனைத் தாய் பார்ப்பதுபோல, பொறுமையாகத்தான் பார்த்தான்.

“நீங்க நல்லவர் சார். புத்திசாலி வேற. அதனாலதான் ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றான். “என்னைத் தேடாதீங்க. நீங்க தேடினா நான் கெடச்சுடுவேன்.”